மணத்தக்காளியைப் பச்சைச் சாறாகக் குடிப்பது பற்றி

இதழில் வெளிவந்த மணத்தக்காளிக் கட்டுரையில், வாய்ப்புண்ணுக்கு இக்கீரை நல்லது என்று கட்டுரையாசிரியர் எழுதியிருப்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் கீரையைக் காயோடு அரைத்துத் தினமும் வெறும் வயிற்றில் பச்சைச் சாறாகக் குடிக்கலாம் என்ற வரி மிகுந்த கவலையளிக்கிறது. இச்செடியில் சோலனைன் போன்ற கிளைக்கோஆல்கலாய்டுகள் என்ற இயற்கை நச்சுப்பொருள்கள் உள்ளன. அவை பச்சைக் காயில் மிகுதியாகவும், நன்கு பழுத்த பழத்தில் குறைவாகவும் இருக்கும். பச்சை பாய்ந்த உருளைக்கிழங்கை ஒதுக்கச் சொல்வதும் இதே சோலனைனுக்காகத்தான். அளவு மிஞ்சினால் வாந்தி, வயிற்றுவலி, பேதி வரும்; சிறு குழந்தைகளுக்குக் குறைந்த அளவே தீங்காகலாம்.

சேலம் உழவர் சந்தையில் வாங்கும் கீரைக்கட்டில் வெள்ளைப் பூவும் பச்சைக் காயும் கொத்துக் கொத்தாக இருக்கும். எங்கள் வீட்டில் காயைக் கிள்ளி ஒதுக்கிவிட்டு, இலையை மட்டும் பாசிப்பருப்போடு வேகவைத்துக் கடைவோம். கொதிக்க வைத்தாலே சோலனைன் அழிந்துவிடாது, ஒரு பகுதி நீரில் இறங்கும், அவ்வளவுதான். ஆகவே கசப்பு மிகுந்த கீரையானால் முதல் நீரை வடித்துவிடுவது நல்லது.

இக்கீரை கல்லீரல் புற்றுநோயைக் குணமாக்கும் என்று கட்டுரை கூறுவதையும் ஏற்க இயலவில்லை. இச்செடியிலுள்ள சோலாமார்ஜின் என்ற பொருள் ஆய்வகத்தில் புற்றுநோய்ச் செல்களை அழித்தது உண்மைதான். அது நோயாளியிடம் கண்ட பலன் ஆகாது. சிகிச்சையில் இருப்பவர்கள் இதை நம்பி மருந்தை நிறுத்திவிடக்கூடும் என்பதால், இந்த இரண்டு இடங்களையும் திருத்தி வெளியிடுமாறு இதழாசிரியரை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.