க்ரூகர்ராண்ட் நாணயத்தில் தங்கம் குறைவா?

"தென்னாப்பிரிக்காவின் க்ரூகர்ராண்ட் 22 காரட்தான். ஒரு அவுன்ஸ் என்று விற்றாலும் உள்ளே 28.5 கிராம் தங்கமே இருக்கிறது. சிவப்பு நிறமே கலப்படத்துக்குச் சான்று." இப்படி ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிவருகிறது. அது தவறு.

22 காரட் என்பது மட்டும் சரி. கணக்குதான் பிழை. செய்தியை எழுதியவர் நாணயத்தின் மொத்த எடையே ஒரு அவுன்ஸ் என்று எண்ணிவிட்டார். உண்மையில் அதன் எடை 33.93 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு, அதாவது 31.1 கிராம், சுத்தத் தங்கம். அது முழுமையாக ஒரு டிராய் அவுன்ஸ், அதாவது தங்கத்தை எடைபோடப் பயன்படும் அவுன்ஸ். மீதி செம்பு. சிவப்பு அதனால் வருகிறது. 24 காரட் தங்கம் மென்மையானது, எளிதில் கீறல் விழும். கைமாறும் நாணயம் தேயாமலிருக்கவே 1967-இல் முதலில் அச்சிட்டபோதே செம்பு சேர்த்தார்கள். அமெரிக்காவின் கோல்ட் ஈகிள் நாணயமும் 22 காரட்தான். அதன் எடையும் 33.93 கிராம். கனடாவின் மேப்பிள் லீஃப் 24 காரட் என்பதால் 31.1 கிராம் மட்டுமே. மூன்றிலும் தங்கத்தின் அளவு ஒன்றே.

சரிபார்ப்பது எளிது. ஸ்பிரிங்பாக் மான் உள்ள பக்கத்தில் ஒரு அவுன்ஸ் சுத்தத் தங்கம் என்று ஆங்கிலத்திலும் ஆஃப்ரிகான்ஸிலும் பொறித்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்க நாணயச் சாலையின் இணையதளத்திலும் இந்த விவரங்களைப் பார்க்கலாம். போலிகள் உண்டு என்பதால் வாங்கும்போது எடையோடு விட்டத்தையும் தடிமனையும் சேர்த்து அளந்து பாருங்கள்.

இச்செய்தியை நம்பி, நல்ல நாணயத்தைக் குறைந்த விலைக்கு யாரும் விற்றுவிடக்கூடாது. தயவுசெய்து இதை மேலும் பகிராதீர்கள்; அனுப்பியவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.