வெட்டப்பட்ட நாலு வரி

சனிக்கிழமை செம்பனைப் பழம் வாங்கும் ரேம்ப்பில் நடந்தது இந்நேரம் சுங்கை சிப்புட் முழுக்கப் பரவியிருக்கும். பழம் விற்ற ஐயாவுக்கு 1,472 வெள்ளி (ரிங்கிட்) வர வேண்டும்; ரசீதில் 1 வெள்ளி 47 காசு. நேற்று இரவு வரை நம் புலன (வாட்ஸ்அப்) குழுவில் ஒரே பேச்சு: "ஏஐ முட்டாள், அதை நம்பினால் இப்படித்தான்."

இல்லை. நாம் அதற்கு ஒழுங்காகச் சொல்லவில்லை.

ஏஜென்ட், அதாவது நாம் சொல்வதைக் கேட்டு நம் கருவிகளை (சிறு நிரல்களை) இயக்கும் ஏஐ, நம் நிரலைப் பார்ப்பதில்லை. கருவியின் பெயர், அதன் விளக்கம், என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்ற பட்டியல், இவ்வளவுதான் அதன் கைக்குப் போகிறது. நம் விளக்கத்தில் இருந்தது "எடையைப் பதியும்". முடிந்தது. கிராணி (கணக்கு எழுதுபவர்) 1.84 என்று தட்டினார், அவர் மனசில் டன். கருவிக்குள் கிலோ. நடுவில் நின்ற ஏஜென்ட்டுக்கு அதை யார் சொன்னது?

நான் சொல்லியிருந்தேன். முதலில் நான் எழுதியது நாலு வரி: ரேம்ப்பில் எடைபோட்ட பழத்தின் எடையைப் பதியும். எடை கிலோவில், டன்னில் வந்தால் 1,000-ஆல் பெருக்கு. 50-க்குக் கீழே வந்தால் பதியாதே, கேள். விலை பார்க்க இதைத் தொடாதே, அதற்கு வேறு கருவி இருக்கிறது. "இது என்ன, தமிழ்ப்பள்ளிக் கட்டுரையா?" என்று கேட்டு மூன்றரை வரியை வெட்டினார்கள். வெட்டியவர் யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை.

அப்பா செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், ஆட்களை வேலை வாங்குகிறவர். விடியற்காலைப் பெரட்டில், ஆட்களைக் கூட்டி வேலை சொல்லும்போது, பழைய ஆட்களுக்கு "பழுத்ததை வெட்டுங்க" என்றால் போதும். இந்தோனேசியாவிலிருந்து புதிதாக வந்த ஒருவரிடமும் அதையேதான் மலாயில் சொன்னார். அன்று சாயங்காலம் பழுக்காத கறுப்புக் குலையாக வந்து குவிந்தது. மறுநாள் அப்பா அவரைத் திட்டவில்லை. மரத்தடிக்குக் கூட்டிப்போய், கீழே பத்து உதிரிப்பழம் கிடந்தால் வெட்டு, ஒன்றும் விழவில்லை என்றால் தொடாதே, சந்தேகம் என்றால் என்னைக் கூப்பிடு என்றார். செம்பனை வாரியத்தின் தர அளவும் அந்தப் பத்துதான். எப்போது செய்வது, எப்போது செய்யக்கூடாது, எப்போது கேட்பது. என் நாலு வரியில் இருந்ததும் அதுதானே?

"அடுத்த மாடல் தானே புரிந்துகொள்ளும்" என்கிறீர்கள். 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்காக்காரருக்கு மார்ச் 4. எவ்வளவு கெட்டிக்கார மாடல் வந்தாலும் நம் ரசீதில் எது என்று நாம்தான் சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்சிபியை, ஏஜென்ட்டையும் கருவியையும் இணைக்கும் பொது முறையை, வெளியிட்ட பிறகு, நான் எழுதும் கருவியை முகம் தெரியாத ஒருவரின் ஏஜென்ட்டும் எடுத்து ஓட்டலாம். அது என் மேசைக்கு வந்து "அக்கா, கிலோவா டன்னா?" என்று கேட்காது.

டோக்கன் (ஏஐ படிக்கும் சொல்துண்டு) செலவு? உண்மை, விளக்கம் ஒவ்வொரு முறையும் கூடவே போகிறது. அலங்காரத்தை வெட்டுங்கள். கிலோ என்ற சொல்லையா வெட்டுவது!

"நிரலிலேயே தடுத்திருக்கலாமே" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். தடுத்திருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தடுத்துவிட்டு வெறும் "பிழை" என்று திருப்பி அனுப்பினால் ஏஜென்ட் அதே எண்ணை மறுபடி அனுப்பக்கூடும். "எடை கிலோவில் வேண்டும், 1.84 மிகக் குறைவு" என்று சொல்ல வேண்டும். அதையும் யாராவது உட்கார்ந்து எழுதத்தான் வேண்டும், தம்பி.

எழுதுவது வேலையே இல்லை என்று நினைக்கிறீர்கள், அதுதான் எனக்கு வலிக்கிறது. நிரல் எழுதுகிறவர் இன்ஜினியர். விளக்கம் எழுதுகிறவள் கிராணி வேலை பார்க்கிறவள். ஆறு வருஷமாக இதே அறையில் உட்கார்ந்திருக்கிறேன். நான் எழுதியதை வெட்டும்போது ஒருவர்கூட என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஐயா வீட்டுக்கு நானே போய்ப் பணத்தைக் கொடுத்தேன். "மெஷினுக்குக் கணக்குத் தெரியாதாம்மா?" என்றார். "தெரியும் ஐயா. நாங்கதான் கிலோன்னு எழுதல" என்றேன்.

அந்த நாலு வரியை நேற்றே திரும்பப் போட்டுவிட்டேன். இனி வெட்டுகிறவர் என்னிடம் கேட்டுவிட்டு வெட்டட்டும்.