பி0171 வந்தால் உடனே ஒட்சிசன் சென்சரை மாற்றாதீர்கள்

"எஞ்சின் விளக்கு எரிந்து ஸ்கேனரில் பி0171 என்ற கோளாறுக் குறியீடு காட்டினால் ஒட்சிசன் சென்சரை மாற்றிவிடுங்கள்" என்று ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அதை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். உள்ளே போகும் காற்றுக்கு ஏற்ற அளவு பெற்றோல் இல்லை என்பதையே அந்தக் குறியீடு சொல்கிறது. சைலன்சர் குழாயில் இருந்து புகையிலுள்ள ஒட்சிசனை அளந்து, குறையைச் சரியாகக் கண்டு சொன்ன சென்சரையே கழற்றி எறிவது அநியாயம்.

ஸ்கேனரிலேயே எரிபொருள் திருத்த வீதத்தை, அதாவது எஞ்சின் கணினி பெற்றோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதைப் பாருங்கள். வாகனம் நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது மிக உயர்ந்து, நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு ஏற்றியதும் இறங்கினால், பெரும்பாலும் காற்று உள்ளே போகும் இன்டேக் பக்கத்தில் வெடித்த குழாய் ஒன்று காற்றை இழுக்கிறது. மாறாக, சுமையோடு ஓடும்போது உயர்ந்தால், காற்றளவுச் சென்சரின் அழுக்கையும் பெற்றோல் அழுத்தத்தையும் சோதியுங்கள். சைலன்சர் குழாயில் ஒட்சிசன் சென்சருக்கு முன்னால் கசிவு இருந்தாலும் இதே குறியீடு வரலாம்.

பி0135 என்ற குறியீடு வந்தால், ஒட்சிசன் சென்சரைச் சூடாக்கும் ஹீட்டரின் மின்சுற்றில் கோளாறு. அப்போதும் முதலில் பியூஸ், வயர், கனெக்டர். மட்டக்களப்புப் பக்கம் கல்லடி, காத்தான்குடிக் கடற்கரையோரம் நிற்கும் வாகனங்களில் உப்புக் காற்று கனெக்டர் பின்களை அரித்துவிடும். அவற்றைக் கழற்றிப் பார்க்காமல் புதுச் சென்சர் வாங்கச் சொல்லும் கராஜில் தயங்காமல் காரணம் கேளுங்கள்.