கொழுப்பு செல்லைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் முன்...

"கொழுப்பைக் கரைக்கும்" என்று பொடி, பெல்ட், ஜெல் எதை விற்றாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: கரைந்த கொழுப்பு எங்கே போகும்? கொழுப்பு செல்லை விட்டு வெளியே வந்தால் ரத்தத்துக்குத்தான் வந்தாக வேண்டும். அங்கே அதை எரிக்கத் தசைக்குத் தேவை இல்லையென்றால், கல்லீரலில் போய் உட்காரும். இல்லாவிட்டால் கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிடும். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

உண்மையில் நடப்பது இது. சாப்பிட்டவுடன் இன்சுலின் ஏறும். இன்சுலின் ஏறியிருக்கும்வரை செல்லின் கதவு உள்ளே எடுக்க மட்டும்தான். இன்சுலின் இறங்கி அட்ரினலின் வகை ஹார்மோன்கள் ஏறும்போது மூன்று என்சைம்கள் வரிசையாக வேலையைத் தொடங்கி, ஒரு ட்ரைகிளிசரைடிலிருந்து (செல்லில் சேமித்திருக்கும் கொழுப்பு மூலக்கூறு) மூன்று கொழுப்பு அமிலங்களை ஒவ்வொன்றாக வெட்டி விடுகின்றன. அவை ரத்தத்தில் அல்புமின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு தசைக்கும் இதயத்துக்கும் போய் எரிகின்றன. முடிவில் மிஞ்சுவது கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும். 10 கிலோ கொழுப்பு முழுசாக எரிந்தால் அதில் 8.4 கிலோ மூச்சுக்காற்றாகவே வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீர். வியர்வை பெல்ட் கட்டிக்கொண்டு இறங்குகிற எடை வெறும் தண்ணீர். ஒரு செம்பு குடித்தால் திரும்பி வந்துவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நோய்க்குக் காரணம் கொழுப்பு செல் இருப்பது இல்லை, அது நிரம்பி வழிவதுதான்.

மைக்ரோஸ்கோப்பில் வெள்ளைக் கொழுப்பு செல்லைப் பார்த்தால் கிட்டத்தட்ட முழுக்க ஒரே ஒரு எண்ணெய்த் துளிதான் தெரியும். நியூக்ளியஸ் ஓரத்தில் நசுங்கிக் கிடக்கும். இந்தச் செல்லின் விட்டம் இரண்டு மடங்கானால் கொள்ளளவு எட்டு மடங்காகும். அவ்வளவு தாராளமான கிடங்கு. ஆனால் ரத்த நுண்குழாயிலிருந்து ஆக்சிஜன் சுமார் 100 மைக்ரோமீட்டர் தூரம்தான் ஊடுருவிப் போகும். செல் அந்த அளவை நெருங்கி வீங்கும்போது மூச்சு முட்டுகிறது. சில செல்கள் சாகின்றன. செத்த செல்லைச் சுற்றி மேக்ரோஃபேஜ்கள் என்ற நோயெதிர்ப்பு செல்கள் வளையம் போட்டு நின்று அழற்சி ரசாயனங்களைச் சுரக்கின்றன. அக்கம்பக்கத்துச் செல்களும் இன்சுலினின் பேச்சைக் கேட்காமல் போகின்றன. விளைவு, சாப்பிட்ட பிறகும் கதவு சாத்தப்படாமல் கொழுப்பு அமிலம் நாள் முழுக்கக் கசிகிறது. அது கல்லீரல், தசை, கணையம் என்று இடம் பிடிக்கிறது. ஃபேட்டி லிவர், சுகர் எல்லாம் இந்த வரிசையில்தான் வருகின்றன.

நம்ப முடியவில்லையா? மூன்று சான்றுகள்.

லிப்போடிஸ்ட்ரோஃபி என்ற அரிய நோயில் கொழுப்பு செல்களே போதிய அளவு இருக்காது. ஆள் ஒல்லியாக இருப்பார். சுகர் கட்டுக்கடங்காது, கல்லீரல் முழுக்கக் கொழுப்பு. சேமிக்க இடமில்லையே!

அடுத்து, பயோகிளிட்டசோன். சுகர் நோய்க்கான இந்த மாத்திரை புதிய, சின்னக் கொழுப்பு செல்களை உருவாக்கத் தூண்டுகிறது. எடை சில கிலோ ஏறும், சுகர் இறங்கும். எடை மெஷினை மட்டும் நம்புகிறவர்களுக்கு இது புரியவே புரியாது. (டாக்டரைக் கேட்காமல் யாரும் இதைத் தொடக் கூடாது, இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது.)

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில் பருமனான 15 பெண்களுக்கு லிப்போசக்ஷன் மூலம் வயிற்றுத் தோலுக்கு அடியிலிருந்து சுமார் 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். 10-12 வாரம் கழித்துப் பார்த்தால் இன்சுலின் செயல்பாடு, பிரஷர், கொலஸ்ட்ரால் எதுவும் தேறவில்லை. கிடங்கை இடித்தார்களே தவிர, கல்லீரலிலும் குடலைச் சுற்றியும் தேங்கியது அப்படியே இருந்தது. அழகுக்காகச் செய்துகொள்பவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. "சுகர் குறையும்" என்று சொல்லி இதை விற்றால் அது பொய்.

இளைத்தவர்களுக்கு ஏன் எடை திரும்ப ஏறுகிறது என்பதும் இங்கேதான் இருக்கிறது. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனை வைத்து 2008-இல் கொழுப்பு செல்களின் வயதைக் கணக்கிட்டார்கள். வருடத்துக்குச் சுமார் 10 சதவீதச் செல்கள் செத்துப் புதிதாக முளைக்கின்றன. பெரியவர்களில் மொத்த எண்ணிக்கை ஏறக்குறைய மாறுவதில்லை. இளைக்கும்போது செல் சுருங்குகிறது, ஒழிவதில்லை. சுருங்கிய செல் லெப்டினைக் (கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்) குறைவாகச் சுரக்கிறது. மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியை ஏற்றுகிறது, உடல் எரிக்கும் கலோரிச் செலவைக் குறைக்கிறது. ஆகவே திரும்ப எடை போட்டவரைப் பார்த்து "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்று சொல்வதை நிறுத்தலாம்.

சரி, எதை அளப்பது? இடுப்பை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைத் தரைக்கு இணையாக வையுங்கள். இறுக்காமல், வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை விட்ட முடிவில் படியுங்கள். பேன்ட் போடும் இடத்தில் அளந்தால் தொப்பைக்குக் கீழே போய் அளவு குறைத்துக் காட்டும். உயரத்தில் பாதிக்குமேல் வந்தால் கவனிக்க வேண்டும்; 160 செ.மீ. உயரம் என்றால் 80 செ.மீ. தொடையிலும் பிட்டத்திலும் இருக்கும் கொழுப்பைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம், அங்கே செல்கள் கொழுப்பைப் பத்திரமாகப் பிடித்து வைக்கின்றன.

உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு நன்றாக இறங்கும். வாரத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோவரை போதும். கூடவே வாரம் இரண்டு நாளாவது எடை தூக்கும் பயிற்சி. இல்லாவிட்டால் எரிக்க வேண்டிய தசையே கரைந்துபோகும். பட்டினி கிடந்து வாரம் ஒன்றரைக் கிலோவுக்குமேல் இறக்கினால் பித்தப்பையில் கல் சேரும் அபாயம் ஏறுகிறது, வலது விலாவுக்குக் கீழே வலி வந்தால் அது "கொழுப்பு கரைகிற வலி" இல்லை, ஸ்கேன் எடுங்கள்.