சம்பளம் இல்லையென்றால் கிரெடிட் கார்டும் இல்லையா?

"அமெரிக்காவில் வேலைக்குப் போகாத மனைவிக்குக் கிரெடிட் கார்டு தரமாட்டார்கள், அதுதான் சட்டம்." வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தத் தகவல் தவறு.

பழைய கதை இது. 2011-ல் வந்த விதி, விண்ணப்பிப்பவரின் சொந்த வருமானத்தை மட்டும் பார்க்கச் சொன்னது. எதிர்ப்பு வலுக்கவே, 2013-ல் அந்நாட்டின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு அதைத் திருத்தியது. 21 வயது நிரம்பியவர், தன் கைக்கு எட்டும் துணைவரின் வருமானத்தையும் விண்ணப்பத்தில் காட்டலாம். கணவர் சம்பளம் கூட்டுக் கணக்கில் விழுகிறதா? உங்கள் கணக்குக்கு மாதாமாதம் பணம் போடுகிறாரா? உங்கள் செலவுகளை வழக்கமாக அவரே கட்டுகிறாரா? மூன்றில் எதுவானாலும் போதும்.

காசைக் கண்ணிலேயே காட்டாத கணவர் என்றால் அவர் வருமானத்தைக் காட்டுவது பொதுவாகச் செல்லாது (உதவி அதிகம் தேவைப்படுவது அப்படிப்பட்டவர்களின் மனைவிகளுக்குத்தான்!). கடன் வரலாற்றைப் பார்த்து வங்கி மறுக்கலாம். அது வேறு விஷயம்.