"இவ்வளவுதான் இருக்கு" என்று சொல்ல விடுங்கள்

இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். முடியவில்லை. நோய்வாய்ப்பட்ட நாய்க்குட்டிக்குச் சிகிச்சை செய்யப் பணம் இல்லாமல் இணையத்தில் உதவி கேட்ட ஒரு பையனைப் பற்றித்தான் எழுதுகிறேன். துண்டில் சுற்றிய குட்டியை மடியில் வைத்துக்கொண்டு "யாராவது உதவ முடியுமா" என்று கேட்ட அந்தப் பையனுக்கு வந்த பதில்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "காசில்லாதவன் எதற்கு நாய் வளர்க்கிறாய்?"

கேட்டவர்களில் சிலர் எனக்கு வேண்டியவர்கள். நாய் மேல் பிரியம் உள்ளவர்கள்தான், அதை மறுக்கவில்லை. அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது. வாந்தி, ரத்தத்தோடு பேதி, குடித்த தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை என்று அவன் தெளிவாக எழுதியிருந்தான். அதைப் படித்தவர் கேட்க வேண்டியது ஈறு என்ன நிறத்தில் இருக்கிறது, கடைசியாக எப்போது சிறுநீர் போனது, பக்கத்தில் எந்த மருத்துவர் இருக்கிறார் என்பதுதானே? அவனுடைய வருமானத்தையா கேட்பது?

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. இந்தக் கேள்வி நாயைக் கொல்கிறது. பேச்சுக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே கொல்கிறது. என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் முதல் குட்டி மணி. மூன்று மாதம் ஆகியிருந்தது. எனக்கு வேலை போயிருந்த சமயம். ஒருநாள் மாலை சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். இரவு வாந்தி, காலையில் பேதி. அது பார்வோ என்கிற வைரஸ் நோய். பார்வோ வந்த குட்டியின் பேதி நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். மருத்துவமனை நடக்கிற தூரம்தான். நான் போகவில்லை. பணம் இல்லாததால் போகவில்லை என்றுதான் ரொம்ப நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை, கையில் கொஞ்சம் இருந்தது. அதற்கு முந்தின தடவை காதுப் புண்ணுக்காக அவனைக் கூட்டிப்போனபோது, பணம் கட்டுகிற இடத்தில் சில்லறையைப் பொறுக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்றவர் பக்கத்தில் இருந்தவரிடம் "வசதி இல்லேன்னா இதெல்லாம் எதுக்கு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்டுவிட்டது. அந்த ஒரு வார்த்தை என் காலைக் கட்டிப்போட்டது. இரண்டு நாள் வீட்டிலேயே வைத்துக்கொண்டு கரண்டியால் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டு ஓடினேன். மருத்துவர் மணியின் உதட்டை விலக்கி ஈறை விரலால் அழுத்தினார். நல்ல உடம்பாக இருந்தால் அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். அழுத்துவதற்கு முன்பே ஈறு மொத்தமும் சாம்பல் பூத்தது போல இருந்தது. பிடரித் தோலை இரண்டு விரலால் தூக்கிவிட்டார், அது இறங்கவில்லை, தூக்கிய வாக்கிலேயே நின்றது. உடம்பில் அவ்வளவு தண்ணீர் வற்றியிருந்தது. "முதல் நாளே வந்திருக்கலாமே" என்று மட்டும் கேட்டார். திட்டவில்லை. விடிவதற்குள் மணி போய்விட்டான்.

1978 வாக்கில் உலகம் முழுக்கப் பரவிய நோய் இது. குடலின் உள்தோலை அரிக்கும், எலும்பு மஜ்ஜையைத் தாக்கி வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும். தண்ணீர் வற்றியும், குடலில் இருக்கிற கிருமி ரத்தத்தில் ஏறியும்தான் குட்டிகள் சாகின்றன. சிகிச்சை என்பது பெரும்பாலும் உடம்பைத் தாங்கிப் பிடிப்பதுதான். திரவம் ஏற்ற வேண்டும், வாந்தியை நிறுத்த வேண்டும், கிருமித் தொற்றுக்கு மருந்து கொடுக்க வேண்டும். சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலான குட்டிகள் பிழைக்கும். இரண்டு நாள் தாமதம் என்பது இந்த நோயில் சின்ன விஷயம் இல்லை. அந்த இரண்டு நாளை என்னிடமிருந்து பிடுங்கியது என் கூச்சம். கூச்சத்தைக் கொடுத்தது அந்தக் கேள்வி.

சில வருடம் கழித்து செல்லி வந்தாள். அவளுக்கு இரண்டு தடுப்பூசி போட்டாயிற்று, மூன்றாவது போடுவதற்குள் அதே நோய். இந்தத் தடவை முதல் வாந்திக்கே கிளம்பிவிட்டேன். உள்ளே நுழைந்ததும் நான் சொன்ன முதல் வாக்கியம், "டாக்டர், என்கிட்ட இவ்வளவுதான் இருக்கு, இதுக்குள்ள என்ன செய்யலாம்?" சொல்லும்போது குரல் நடுங்கியது. அவர் முகம் மாறவே இல்லை. சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். பார்வோவா என்று பார்க்கும் மலப் பரிசோதனை கட்டாயம். மற்ற ரத்தப் பரிசோதனைகளில் எதன் முடிவு வந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லையோ அதை அடித்துவிட்டார். அன்று பகல் முழுக்க அங்கேயே நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார். மறுநாளிலிருந்து தோலுக்கடியில் ஏற்ற எனக்குக் கற்றுக்கொடுத்தார். ஊசி போட்டு ஏற்றியதும் தோளுக்கு மேல் சின்னத் திமில் மாதிரி வீங்கி நிற்கும். கொஞ்ச நேரத்தில் அது தளர்ந்து முன்னங்கால் பக்கம் இறங்கும், அப்புறம் மெல்ல மெல்ல உடம்பு குடித்துக்கொள்ளும். இரவெல்லாம் அந்தத் திமிலைத் தடவிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நாள் என் விரலை நக்கினாள்.

இது என் அதிர்ஷ்டக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்வோ வந்த 40 நாய்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள், 2017இல் அந்த ஆய்வு வெளியானது. எல்லாவற்றுக்கும் முதலில் நரம்பு வழியாகத் திரவம் கொடுத்து நிலைப்படுத்தினார்கள். பிறகு ஒரு குழுவுக்கு முழுமையான உள்நோயாளி சிகிச்சை, இன்னொன்றுக்கு வீட்டில் வைத்துச் செய்யக்கூடிய எளிய முறை. முதல் குழுவில் 90 சதவீதம் பிழைத்தன, இரண்டாவதில் 80 சதவீதம். வித்தியாசம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் 80 எங்கே, ஒன்றுமே செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பது எங்கே? முழுதாகச் செய்ய முடியாதவன் ஒன்றும் செய்யாமல் இரு என்று எந்த நல்ல மருத்துவரும் சொல்வதில்லை. நாம்தான் சொல்கிறோம்.

"தடுப்பூசி போட்டிருந்தால் இந்தச் செலவே இல்லையே?" சரி, ஒத்துக்கொள்கிறேன். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, 16 வாரம் தாண்டும் வரை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். மணிக்கு நான் போடவில்லை, அது என் தப்பு, இன்றைக்கும் அதைச் சுமக்கிறேன். ஆனால் குட்டி உயிருக்குப் போராடும்போது அதைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? பிழைத்த பிறகு சொல்லுங்கள், நானும் கூடச் சேர்ந்து சொல்கிறேன்.

"மனிதனுக்கே வழியில்லை, நாய்க்கா?" இதற்குப் பதில் சொல்லப்போவதில்லை. என் அண்ணன் இதையே மணி செத்த அன்று சொன்னார். குழி தோண்டிக்கொண்டிருந்தேன். கையில் மண்ணோடு அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

இன்னொரு பக்கம் "டாக்டர்கள் எல்லாம் கொள்ளையடிக்கிறார்கள், உயிரைப் பார்த்தால் இலவசமாகப் பார்க்க வேண்டியதுதானே" என்று எழுதியவர்கள். இதையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஊசிக்கும் மருந்துக்கும் அவர்களும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். ராத்திரி முழுக்கக் குட்டிக்குப் பக்கத்தில் விழித்திருக்கும் உதவியாளருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். பிழைக்க வைக்கத் தெரிந்தும், பணம் இல்லை என்பதால் ஒரு நாயைத் திருப்பி அனுப்புகிற நாளில் அவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள் என்றா நினைக்கிறீர்கள்? அவர்களைத் திட்டினாலும் நடப்பது அதேதான். நாய் வளர்ப்பவர்கள் டாக்டரிடம் போகவே பயந்து, மருந்துக்கடையில் மனிதர்களுக்கான வலி மாத்திரையை வாங்கிக் கொடுப்பார்கள். ஐபுப்ரோஃபென் மாத்திரை ஒன்றே போதும், குட்டியின் வயிற்றில் புண்ணாகி சிறுநீரகமும் கெடலாம்.

1917இல் லண்டனின் ஒயிட்சாப்பலில் மரியா டிக்கின் என்ற பெண் ஒரு நிலவறையில் ஏழைகளின் விலங்குகளுக்கென்றே இலவச மருத்துவமனை திறந்தார். போர்க்காலம், மனிதர்களுக்கே பஞ்சம். ஏழைகளின் வீடுகளுக்குப் போய்வந்தபோது அங்கே இருந்த நாய் பூனைகள் படுகிற பாட்டைப் பார்த்தவர் அவர். "உங்களுக்கு எதற்கு நாய்" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கலாம். அவர் கதவைத் திறந்து வைத்தார்.

ஏழை வீட்டில் நாய் இருக்கத்தான் செய்யும். தெருவிலிருந்து பின்னாலேயே வந்ததாக இருக்கும், யாரோ விட்டுப்போனதாக இருக்கும். இல்லையென்றால் வசதியாக இருந்தபோது எடுத்ததாக இருக்கும், அப்புறம் வேலை போயிருக்கும், வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வந்திருக்கும். அப்போது அதைக் கொண்டுபோய்த் தெருவில் விட்டிருந்தால் நீங்கள் பாராட்டியிருப்பீர்களா? அதற்கும் திட்டித்தான் இருப்பீர்கள்.

நேற்று இரவு அந்தத் தம்பியிடம் பேசினேன். கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருந்தால் அங்கே கட்டணம் குறைவாக இருக்கும், விசாரி என்றேன். எங்கே போனாலும் கையில் இருக்கிற தொகையை முதலிலேயே சொல், எது முதலில் அவசியம், எது நாளைக்குத் தள்ளலாம் என்று கேள், மீதியைத் தவணையில் கட்டலாமா என்றும் கேள் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, குட்டி முனகுவது மட்டும் கேட்டது. அப்புறம் மெதுவாகக் கேட்டான். "இவ்வளவுதான் இருக்குன்னு சொன்னா, அங்கேயும் திட்டுவாங்களா அக்கா?"