செக்போஸ்ட்டும் பேங்க் செக்கும் சொந்தக்காரர்கள்தான்

"வாளையார் செக்போஸ்ட், பேங்க் செக், செஸ் ஆட்டத்து செக், கட்டம் போட்ட செக் சட்டை, நான்கும் ஒலியில்தான் ஒன்று, வேர் தனித்தனி" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை அண்ணா.

நான்குக்கும் மூலம் ஒன்றே: பாரசீகத்தில் அரசனைக் குறிக்கும் 'ஷா'. சதுரங்கத்தோடு கூடவே கிளம்பி அரபி, பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்த சொல். ராஜாவுக்கு செக் வைத்தால் அவர் இஷ்டத்துக்கு நகர முடியாது. அதிலிருந்து தடுப்பது என்ற பொருள் வந்தது, அப்புறம் சரிபார்ப்பது. தமிழக-கேரள எல்லையில், வாளையாரில் லாரியை மறித்து பில்லைப் புரட்டிப் பார்த்தார்களே, இரண்டு அர்த்தமும் ஒரே இடத்தில்! (2017-இல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த வரிச் சோதனை போய்விட்டது.)

சட்டைக் கட்டம் சதுரங்கப் பலகையிலிருந்து வந்தது. பேங்க் விஷயத்தில் செக் என்பது முதலில் மோசடியைக் கண்டுபிடிக்க வைத்துக்கொண்ட அடிக்கட்டைக்கு (கவுண்டர்ஃபாயிலுக்கு) பெயர். பிறகுதான் தாளுக்கே ஆனது. பேங்க் செக்குக்கு cheque, மற்றதற்கு check என்று ஸ்பெல்லிங் வேறாக இருப்பதுதான் உங்களைக் குழப்பியிருக்கும். அமெரிக்காவில் இரண்டுக்கும் check என்று ஒரே ஸ்பெல்லிங். ஹோட்டல் பில்லையும் அங்கே செக் என்றுதான் கேட்பார்கள்.

உறவே இல்லாதவை செக் நாடும், நம் ஊர் மரச்செக்கும்தான்.